கால்மாட்டுச் செங்கல்

இது நடந்தது. கதையல்ல. சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன், ஆனால் யாரையும் நம்பவைக்க எனக்கு இனித் தெம்பில்லை. கூட வேலை செய்த டொக்டர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு அந்த நேரம் நித்திரை காணாமல் இருந்திருக்கும்" என்றார்கள். உண்மைதான். ஒரு கிழமையாக நான் ஒழுங்காகக் கண் மூடவில்லை. ஆனால் பார்த்தது மட்டும் என்றால் நானும் கண்ணைக் குறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நான் தொட்டேன். இந்த விரல்களால்.

1986. மருத்துவ மாணவர்கள் பகிஷ்கரிப்புச் செய்ய, பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று கேட்டுக் கேட்டே எல்லாரும் களைத்துப்போயிருந்தோம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்முனையில் பஸ்ஸால் இறங்கி, சாய்ந்தமருதில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பெட்டிக்குள் உடுப்பை விடப் புத்தகம்தான் அதிகம். ஒரு பிரஷர் பார்க்கும் கருவியும், அளவு நாடாவும், பாதியில் நின்ற ஆய்வு ஒன்றும் இருந்தன.

ஆய்வு இதுதான்: பறக்கும்போதும் விண்வெளியில் மிதக்கும்போதும் மனித உடம்புக்கு என்ன ஆகிறது? கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான். "ராக்கெட் வேண்டாம் பிள்ளை. ஒரு கட்டிலும் கால்மாட்டில் வைக்க இரண்டு செங்கல்லும் போதும்" என்றார் எங்கள் பேராசிரியர். தலை தாழ, கால் உயர, நாட்கணக்கில் படுத்திருந்தால் இரத்தம் காலை விட்டு மேலே ஏறும். முகம் உப்பும், கால் மெலியும், முதுகெலும்பு இளகி ஆள் கொஞ்சம் நீளும். மிதக்கிற மாதிரி இருக்கும். விண்வெளிக்குப் போய் வந்தவர்களுக்கும் இதே கோலம்தான்.

கடைசி நாளில்தான் சோதனை. படுத்திருந்தவரை எழுப்பி நிறுத்த வேண்டும். இரத்தம் ஒரேயடியாகக் காலுக்கு இறங்கும். பலர் அந்த இடத்திலேயே மயங்கி விழுவார்கள். "பிடிக்க ஆள் வைத்துக்கொள்" என்பது பேராசிரியர் தந்த கடைசிப் புத்திமதி.

படுக்க ஆள்? எங்கள் ஊரில் கடலுக்குப் போகாதவன் தறியில் இருப்பான். "சும்மா படுத்துக்கிடக்க ஆள் தேடுறியா?" என்று வாப்பா சிரித்தார். "உன்ட காக்காவப் புடி. அவன் இப்பவும் அதத்தான் செய்றான்." காக்கா என்றது என் அண்ணனை.

எனக்கு ஹாஜறாவின் நினைவு வந்தது.

ஹாஜறா என் மாமாவின் மகள். என்னை விட இரண்டு வயது மூத்தவள். மச்சி, மச்சி என்று பெண்பிள்ளைகள் இருவரும் ஒரே பாயில் கிடந்து வளர்ந்தோம். அவளுடைய மாப்பிள்ளை கலந்தர் கடலில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. படகு கவிழ்ந்தபோது அதில் இரண்டு பேர்: கலந்தரும், ஹாஜறாவின் தம்பி றஊபும். கரைக்கு உயிரோடு வந்தது றஊப் மட்டும். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் வரவேயில்லை. வீட்டுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், வலை வைக்கும் கடற்கரைக் குடிசையான வாடியில் படுத்தான். யாரோடும் கதைப்பதில்லை.

ஹாஜறா இத்தாவில் இருந்தாள். புருசன் மவுத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இருப்பார்கள். வெள்ளை உடுப்பு, வாசலில் திரை. மற்றப் பெண்கள் அந்த அறைக்குள் இருந்து ஓதுவார்கள், தைப்பார்கள், வருகிறவர்களோடு அழுவார்கள். ஹாஜறா எதுவும் செய்யவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். மறைவுக்குப் போவதென்றாலும் அவளுடைய உம்மா, என் மாமி, தாங்கித்தான் கூட்டிப்போக வேண்டும்.

"மகள், இவள் எழும்புறாளில்ல" என்றார் மாமி என்னிடம். அவருடைய முகமும் களைத்துப்போயிருந்தது. "தொழுகையும் படுத்த படுக்கையிலதான். நீ டொக்டருக்குப் படிக்கிற புள்ள. என்னவாவது செய்."

நான் செங்கல்லைப் பற்றிச் சொன்னேன். மாமிக்கு விண்வெளி விளங்கவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நாள் நிண்டு காட்டுவாளா?"

"நிக்கத்தான் வேணும் மாமி. அதுதான் சோதின."

"எண்டா வை. பத்துச் செங்கல் வேணுமெண்டாலும் வை."

ஹாஜறாவிடம் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படுத்துக்கிடக்கத்தானே சொல்ற. ஓம்" என்றாள்.

படுத்தே கிடப்பவளை இன்னும் படுக்க வைப்பது என்ன வைத்தியம் என்று நீங்கள் கேட்கலாம். எழும்புவதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. நான் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் நிற்காவிட்டால் பிறகு நிற்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாமிக்கும் தெரிந்திருந்தது.

கால்மாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் வைத்தோம். சரிவில் அவள் தலைப்பக்கம் எவ்வளவு சறுக்குகிறாள் என்று பார்க்க, விரிப்பில் தோள் இருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். நாடி, பிரஷர், கெண்டைக்காலின் சுற்றளவு, முகம்... பாங்குக்குப் பாங்கு பார்த்தேன். இரவில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டேன்.

முதல் இரண்டு நாளும் எல்லாம் புத்தகப்படி. முகம் உப்பியது. கால் மெலிந்தது. "மிதக்குறன் ஸுல்பி" என்றாள். அதுவும் புத்தகத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. தலை தாழப் படுத்து அழுதால் கண்ணீர் தலையணைக்குத்தானே போகும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அழுததை நான் காணவில்லை.

அடுத்த நாள் காலை கோட்டைப் பார்த்தேன். சரிவில் கிடக்கிற உடம்பு கீழேதான் சறுக்கும். தோள் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

கால்மாட்டுப் பக்கம் ஒரு சாண் மேலே இருந்தது.

"மச்சி, நீ எழும்பினியா?"

"இல்ல."

"எப்பிடி மேல போன?"

"தெரியா. தாங்கித் தூக்கின மாதிரி இரிந்திச்சி."

"எங்க புடிச்சி?"

அவள் இரண்டு கக்கத்தையும் காட்டினாள். சட்டையை விலக்கிப் பார்த்தேன். முன்பக்கம் கன்றிய தடங்கள். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் நாலு. முதுகுப் பக்கம் ஒவ்வொன்று. இரத்தம் மேலே ஏறினால் தோல் இலேசாகக் கன்றும் என்று எனக்கு நானே சொன்னேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குத் தேடிப்பார்க்கவும் சக்தியில்லை. மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் செங்கல்லை எடுத்து எறிந்திருப்பார்.

கடைசி நாள் வந்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்த கையோடு ஆரம்பித்தோம். நல்ல வெளிச்சம். ஜன்னல் திறந்திருந்தது. தூரத்தில் ஒரு தறி இடிக்கும் சத்தம் கேட்டது. மாமியை வலப்பக்கம் நிறுத்தினேன். நான் இடப்பக்கம், மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி. ஹாஜறாவின் பின்னால் கட்டில் மட்டும்தான்.

"மச்சி, இப்ப எழும்பு."

அவள் எழும்பினாள். நின்றாள். மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நாடி ஓடியது. இன்னும் வேகமாக ஓடியது. முகம் வெளிறியது. உதடு வெள்ளையாகிவிட்டது. எனக்குத் தெரியும், இப்போது விழுவாள்.

கண் மேலே செருகியது.

நாடி நின்றது.

முழங்கால் மடிந்தது. "புடிங்க மாமி!" என்றேன். மாமி கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

ஹாஜறா விழவில்லை.

தலை தொங்கியது. கை தொங்கியது. ஆனால் விழவில்லை... தோளுக்குக் கீழே வெள்ளைச் சட்டை சுருங்கி மேலே ஏறியது.

கீழே பார்த்தேன்.

குதிக்கால் சிமெந்தில் இல்லை.

பெருவிரல் நுனி மட்டும் தரையில். அது மெதுவாக ஆடியது... தண்ணீரில் ஆடுவது போல.

தறிச் சத்தம் நின்றிருந்தது.

அவளைத் தாங்க என் கையைக் கக்கத்துக்குள் விட்டேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

ஈரம். குளிர். கட்டை போல விறைப்பு. தடித்த மணிக்கட்டு.

என் விரல்கள் பழக்கத்தில் நாடியைத் தேடின.

இல்லை.

குரல் மட்டும் வந்தது. ஹாஜறாவின் பிடரிப் பக்கமிருந்து. ஓர் ஆணின் குரல். அப்படிக் களைத்துப்போன குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"கால அடிக்காத... நான் புடிச்சிரிக்கன்..."

மாமி கத்தினார். அந்தக் கத்தலோடு ஹாஜறா கட்டிலில் சாய்ந்தாள். விழவில்லை. யாரோ பக்குவமாக இருத்திய மாதிரி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் நாடி திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தாள். என் கை நனைந்திருந்தது. தறி மறுபடி இடித்துக்கொண்டிருந்தது.

வாடியிலிருந்து றஊப் ஓடிவந்தான். இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தன் வீட்டு வாசலில் நின்றான். நான் முக்காட்டை இழுத்துவிட்டேன்.

"உம்மா ஏன் கத்தின?" என்று திரைக்கு வெளியே நின்று கேட்டான்.

நான்தான் சொன்னேன். "ஒரு ஆம்பிளக் குரல் கேட்டிச்சி. கால அடிக்காத எண்டு..."

மீதியை றஊப் சொன்னான்.

"'நான் புடிச்சிரிக்கன்.'"

அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாததைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்.

"பொழுதுபட்டு மஃரிபோட படகு கவிண்டிச்சி. எனக்குக் கால் ரெண்டும் விறைச்சுப்போச்சி, நீந்த ஏலா. மச்சான் பின்னால வந்து கக்கத்துக்குள்ள கையக் குடுத்துப் புடிச்சார். ராவு முழுக்க. அந்தச் சொல்லத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். களைச்சிட்டீங்களா மச்சான் எண்டு ஒருக்காக் கேட்டன். கன நேரம் பேச்சில்ல. பிறகு திரும்பவும் அதையே சொன்னார். படகு வந்து என்னத் தூக்கக்குள்ளதான் பார்த்தன்... அவர்ட உசிர் இல்ல. மவுத்து. என்னப் புடிச்சுத்தானே அவர் போனார். கூடப்பொறந்த ராத்தாட மூஞ்ச நான் எப்பிடிப் பாக்கிற?"

அவன் அழுதான். மாமியும் அழுதார். ஹாஜறா அழவில்லை. கட்டிலில் இருந்தபடியே தன் தோளுக்கு மேலால், யாருமில்லாத பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"போதும். நீங்க களைச்சிட்டீங்க. கைய எடுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு எங்கள் யாரையும் கேட்காமல் எழும்பி நின்றாள். எழும்பின வேகத்திலேயே தொப்பென்று விழுந்தாள். முழங்கால் உரசி இரத்தம் வந்தது. மனுசர் விழுகிற மாதிரியான விழுகை. அதைப் பார்த்து நானும் மாமியும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டோம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழும்பினாள். இந்தமுறை நின்றாள். குதிக்கால் இரண்டும் சிமெந்தில் இருந்தன. நான் குனிந்து பார்த்தேன்.

அன்று மஃரிபை அவள் நின்று தொழுதாள். செங்கல்லை றஊபே எடுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டான். அன்றிலிருந்து அவன் வீட்டில்தான் படுத்தான்.

பல்கலைக்கழகம் திறந்த பிறகு ஆய்வை ஒப்படைத்தேன். கடைசி வரியில், 'நாடி இல்லை, விழவில்லை' என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, "களைப்பில் பிழையாக எண்ணியிருப்பாய்" என்றார்.

மூன்று வருடம் கழித்து, நான் டொக்டராக ஊருக்கு வந்த பிறகு, மஜீட் காக்கா என்றொருவர் முழங்கால் வலி என்று என்னிடம் வந்தார். றஊபைக் கடலில் கண்டெடுத்தவர் அவர்தான். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, கலந்தரைப் பற்றிக் கேட்டேன்.

"அவன்ட கை ரெண்டும் மரக்கட்டை டொக்டர். மடக்க ஏலா. றஊபக் கழட்டி எடுக்க விரல் விரலா நிமித்தினம். ரெண்டு விரல் முறிஞ்சிருக்கும். அல்லாஹ் மன்னிக்கோணும்."

எப்போது என்று கேட்டேன். விடியற்காலைச் சுபஹுக்கு முன், நல்ல இருட்டு என்றார்.

உடம்பு அப்படி விறைக்க எத்தனை மணித்தியாலம் செல்லும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். கணக்குப் பார்த்தேன். கலந்தர் முன்னிரவிலேயே, இஷாத் தொழுகை நேரத்தோடேயே போயிருக்க வேண்டும். உயிர் போன உடம்பு கடலில் முதலில் தாழும். அதுவும் எனக்குத் தெரியும்.

"அந்த இருட்டில எப்பிடிக் காக்கா கண்டுபுடிச்சீங்க?"

மஜீட் காக்கா மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"காணல்ல டொக்டர். கேட்டுத்தான் படகத் திருப்பினம். ரெண்டு பேர் கதைச்சிக்கிட்டு இரிந்தாங்க."