அவர் காரின் சத்தம்

என் கணவர் திருச்செங்கோட்டில் இருந்து போர்வெல் வண்டியோடு வடநாடு போய் ஏழு மாதம் கழித்து ஊருக்கு வந்தார். அவருடைய காரிலேயே போய் ஈரோடு ஸ்டேஷனில் அழைத்துவர ஆசைப்பட்டேன். எடுக்காமலே நின்றதில் பேட்டரி இறங்கியிருந்தது. கொழுந்தனாரின் எலக்ட்ரிக் காரில் இருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். அந்தக் காரும் மொத்தமாக அணைந்துவிட்டது. பதறி மெக்கானிக்கை வரவழைத்தேன்.

"எலக்ட்ரிக் காருல ஓடறதுக்குத்தானுங்க பெரிய பேட்டரி. நீங்க வயர் குடுத்தது சின்ன பேட்டரிங்க, அது இன்னொரு இன்ஜினச் சுத்தாதுங்க. கார் கம்பெனியே வேண்டாம்னுதானுங்க சொல்றாங்க" என்றார் மெக்கானிக்.

கணவர் ஆட்டோவில் வந்தார். பத்தே நாளில் திரும்பிப் போனார்.

இப்போது ஞாயிறுதோறும் அவர் காரை மறக்காமல் ஸ்டார்ட் செய்கிறேன். போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவர், "ஆஃப் பண்ணாத அம்மிணி, இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்கிறார்.