கோலுக்குக் கட்டிய மீன்வலை

எங்கள் வீட்டு அலுமாரியில், பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் தட்டில், வலை பொத்தும் ஊசி ஒன்று கிடக்கிறது. கையளவு நீளம், மஞ்சள் பிளாஸ்ரிக், அதில் பச்சை நைலோன் நூல் சுற்றியிருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. தண்ணீரூற்றுக் கிராமத்தில் வயல் செய்கிறவர்கள் நாங்கள். யாராவது கேட்டால், பள்ளிக்கூடத்தில் பந்தடித்த காலத்துச் சாமான் என்பேன். கேட்டவருக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

எங்கள் கல்லூரியில் பெண்கள் உதைபந்தாட்ட அணி தொடங்கி இரண்டாவது வருடம் அது. பதினொரு பேருக்கு ஆறு சோடி பூட்ஸ். கோல் கம்பங்கள் இருந்தன, வலை இல்லை. கப்டன் அக்காதான் தன் தகப்பன் கழித்துவிட்ட மீன்வலைகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். முல்லைத்தீவுக் கரையோரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு, மாதா கோயிலுக்கு உடுத்த சட்டையுடனேயே மைதானத்துக்கு வந்துவிடுவார். கோல் காப்பதும் அவர்தான். பயிற்சிக்கு முன் மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் கிழிசல்களைப் பொத்துவார். வலையில் காய்ந்த செதில்கள் ஒட்டியிருக்கும். எதிரணி எங்கள் கோல் பக்கம் வரத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அந்த மணம்தான் என்று பகிடி விடுவோம்.

நான் இடப்பக்கத் தடுப்பு. ஆட்டம் முழுக்க அவருடைய குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். பிழை விட்டால் ஏச மாட்டார். "பரவாயில்லை, நிமிந்து நில்லு" என்பார். எங்கள் வீட்டில் குனிந்து புல்லுப் பிடுங்கத்தான் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அந்தப் பருவத்தில் நாங்கள் மாவட்ட இறுதிப் போட்டி வரைக்கும் வந்தோம். வென்றால் யாழ்ப்பாணத்தில் மாகாணப் போட்டி. அக்காவுக்கு அதுதான் கடைசி வருடம். அடுத்த முறை வயது கூடிவிடும். மாகாணத்தில் ஒரு மட்ச் நின்றால் காணும், தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இறுதிப் போட்டியன்று பார்த்து பஸ் பிந்தியது. இரண்டு கோலுக்கும் எங்கள் வலைகளைத்தான் கட்ட வேண்டும். அக்கா ஒரு கோலைக் கட்டிக்கொண்டு, மற்றதின் கீழ் மூலையைக் கட்டச் சொல்லி என்னை அனுப்பினார். நடுவர் விசில் ஊதி அவசரப்படுத்தினார். நான் எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டேன். நெல்லு மூட்டையின் வாயைக் கட்டும் முடிச்சு அது. ஒரு நுனியை இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அவிழ்க்கச் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிப் போடுவது. அந்த அவசரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

கடைசி நிமிடங்கள் வரை யாருக்கும் கோல் இல்லை. பிறகு எங்கள் பிள்ளை ஒருத்தி அடித்த பந்து, எதிரணிக் காப்பாளரைத் தாண்டி உள்ளே போனது. உள்ளே போய், நான் கட்டிய மூலையை அவிழ்த்துக்கொண்டு வெளியேயும் போனது. தூரத்தில் நின்ற நடுவர் ஓடிவந்து பார்த்தபோது பந்து கம்பத்துக்கு அப்பால் கிடந்தது. வெளியால் போனது என்று சொல்லிவிட்டார். பெனால்டியில் அக்கா இரண்டைப் பிடித்தார். அப்படியும் தோற்றோம்.

திரும்பி வரும்போது, அந்த மூலையை யார் கட்டியது என்று விளையாட்டு மிஸ் கேட்டார். நான் குனிந்து என் பைக்குள் எதையோ தேடினேன்.

"நான்தான் மிஸ். வடிவா இறுக்கேல்லை" என்றார் அக்கா.

என்னை அனுப்பியதை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. வழி முழுக்க அவருக்கு முகம் கொடுக்காமல் வந்தேன். அவர் சாளரத்துப் பக்கம் திரும்பி, வற்றாப்பளை தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற அன்று, அவர் இந்த ஊசியை என் கையில் வைத்தார்.

"இந்தா, வைச்சிரு. இனி மூட்டை கட்டுற மாதிரிக் கட்டிப்போடாதை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு மைதானத்து மண்ணிலேயே இருத்தி, வலை முடிச்சை இரண்டு தரம் போட்டுக் காட்டினார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஓம் அக்கா, ஓம் அக்கா என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா இப்போது பிரான்ஸில் இருக்கிறார். நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவேன். அவரும் பிள்ளைகளின் படம் அனுப்புவார். அந்த மட்ச் பற்றி எழுதத் தொடங்கி எத்தனையோ தரம் அழித்துவிட்டேன்.

போன கிழமை கல்லூரிப் பக்கம் போனேன். கடையில் வாங்கிய வெள்ளை வலை கட்டியிருக்கிறார்கள், மணமில்லை. கீழ் மூலை கிழிந்து, யாரோ பொலித்தீன் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் ஊசியோடு போய், மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அக்கா சுற்றித் தந்த பச்சை நூல் உக்கவில்லை. வலைக் கண்களை ஒவ்வொன்றாகப் பொத்தி, கடைசி முடிச்சைப் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். உருவவில்லை. திரும்பி, "சரியோ அக்கா?" என்று கேட்டேன். கோலுக்குள் ஆளில்லை.