குத்ரூன் என்றால் குதிர் இல்லை

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது மிராசுதாரர் வாயிலிருந்து விழுந்த பெயர். நான் பிறந்தபோது அப்பா வழக்கப்படி பண்ணை வீட்டுக் கொல்லைப்பக்கம் போய், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பொட்டப்புள்ள பொறந்திருக்குங்க ஆண்டே, ஒரு பேரு சொல்லுங்க" என்று நின்றிருக்கிறார். பண்ணையாளின் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பண்ணையின் உரிமை. மிராசு பல் குத்திக்கொண்டே, எதிரே எது தெரிந்ததோ அதைச் சொன்னார். நன்னிலம் பக்கத்தில் எங்கள் தெருவில் என் வயதுக்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால், மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக் காட்டுவதுபோல இருக்கும்.

என் தங்கச்சி மட்டும் தப்பித்தாள். அவள் பெயர் குத்ரூன்.

அம்மா வயிற்றில் அவள் குறுக்கே கிடந்தாள். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பண்ணையில் ஆள்களை வேலை வாங்கும் காரியக்காரரிடம் அப்பா வண்டி கேட்டார். மாடு ஏருக்குப் போகணும் என்று அவர் சொல்லிவிட்டார். கயிற்றுக் கட்டிலோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த வெள்ளைக்கார நர்சம்மாதான் பிள்ளையைத் திருப்பி எடுத்து, இரண்டு உயிரையும் மீட்டுக் கொடுத்தார்.

"ஒங்க பேரு என்னங்கம்மா?" என்று அப்பா கேட்டார்.

"குத்ரூன்."

"அப்ப எம் மவளுக்கும் அதாங்க பேரு."

நர்சம்மாவுக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தில் படித்த தமிழ். "நான் ஐஸ்லாந்து தேசத்தவள். அது கடலுக்கு நடுவே ஒரு தீவு" என்றார்.

"ஐஸ் விக்கிற ஊருங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"விற்பதில்லை. மிதித்து நடப்போம்."

பெயருக்குப் பொருளும் சொன்னார். முதல் பாதி கடவுள், அடுத்த பாதி இரகசியம். மிகப் பழைய பெயராம். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஒரு குத்ரூன் இருப்பாளாம். அப்பா அதற்கு, "கடவுளுக்கு என்னங்கம்மா ரகசியம், எல்லாத்தையும் பண்ணை வீட்டுலல்ல சொல்லி வச்சிருக்காரு" என்றாராம்.

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது" என்று நர்சம்மா தொடர்ந்திருக்கிறார். "முதலில் எங்கள் பெயர். பிறகு தகப்பன் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் என்று சேர்ப்போம். ஆனால் கூப்பிடுவது முதல் பெயரைச் சொல்லித்தான். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அப்படித்தான்."

"மிராசையுமா?"

"மிராசு என்றால் என்ன?"

அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "ஒங்க ஊருல இல்லாட்டி விடுங்கம்மா. கேட்டு வாங்கிப்புடாதீங்க" என்றாளாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் தெருவே சிரிக்கும். தங்கச்சி இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்.

பிள்ளையோடு திரும்பிய அப்பாவை மிராசு வரச் சொன்னார். "எவனக் கேட்டுடா பேரு வச்ச? என்ன எழவுடா அது, குதுரு, குதிரு?"

காரியக்காரர் எடுத்துக் கொடுத்தார். "குதிருதாங்க. நெல்லு கொட்டி வைக்கிற குதிரு."

"குதிர்னு பேரு வச்சா குடிசையில நெல்லு ரொம்பிடுமாடா?"

காரியக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம். அன்றிலிருந்து தங்கச்சி பண்ணைக்குக் குதிர். நாற்றுப் பறிக்கையில் குதிர், களை எடுக்கையில் குதிர். காலையில் குளித்துவிட்டு வந்து சாமியின் வடமொழிப் பெயர்களையெல்லாம் மூச்சு விடாமல் அடுக்குகிற நாக்கு மிராசுவுடையது. எங்கள் வீட்டுப் பெயரில் மட்டும் அதற்குச் சுளுக்கு வந்துவிட்டதாம். பெரிய மனிதர்களுக்கு வரும் நோயும் சமயம் பார்த்துத்தான் வரும்போலிருக்கிறது.

பிறகு கழக ஆட்சி வந்தது. கிளைச் செயலாளர் எங்கள் தெருவுக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததை ஊர் பார்க்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வடமொழியும் வேணாம், வெள்ளக்காரன் மொழியும் வேணாம் தங்கச்சி. கூட்டத்துல மேடையேத்தி, நல்ல தமிழ்ப் பேரா வச்சிடுறோம்."

அவருடைய கடைசிப் பையனுக்கு ஒரு கிரேக்க ஞானியின் பெயர். தங்கச்சி பணிவாகக் கேட்டாள். "ஒங்க மவனையும் அன்னிக்கே மேடையேத்திடுவீங்களாண்ணே?"

"அது வேற. அது பகுத்தறிவு" என்றார்.

அம்மா கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். குடிக்காததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

எங்கள் தெருவில் விவசாயக் கூலிகளின் சங்கக் கொடி ஏறியது. சங்கக் கொட்டகையில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். ஆண்டே என்ற சொல் போய் ஐயா வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தினோம். கடைசியில் தாசில்தார் முன்னால் மிராசு ஒப்புக்கொண்டார். அப்போது இன்னொன்றும் பேசி முடித்தார்கள். களத்தில் ஆள் கூலியை அளந்து முடித்த பிறகுதான் பண்ணை நெல் வண்டி ஏற வேண்டும்.

மிராசு சும்மா இருப்பாரா. கூப்பிட்டதும் வந்து கூலி வாங்காதவள் வேலையை விட்டு நின்றுகொண்டதாகத்தான் கணக்கு, அவள் இடத்துக்கு வெளியூர் ஆள் வரும் என்று காரியக்காரர் மூலம் சொல்லிவிட்டார். வெளியூர் ஆள்களைச் சத்திரத்தில் தயாராக உட்கார வைத்தும் இருந்தார்கள். பண்ணை வேலை போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. குடிசை நின்ற மண்ணும் அவருடையதுதான்.

அது குறுவை அறுப்பு. அடித்துத் தூற்றிய நெல் களத்தில் பொலியாகக் குவிந்து கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காரியக்காரர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஆள் மரக்காலில் அளந்து கூடையில் போட்டான். எனக்கு முன்னால் தங்கச்சி நின்றாள்.

"குதிரு."

தங்கச்சி நகரவில்லை.

"ஏ குதிரு, காது அடச்சிருக்கா?"

"குதிர்னு இங்க யாருமில்லீங்க. பண்ண வீட்டுக் கொல்லையில நிக்கிது, அங்க போயிக் கூப்புடுங்க."

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்திக்கு மட்டும் பயம். "ஏ புள்ள, மழ வருதுடி. நெல்லுதானே, வாங்கிட்டு வந்துடேன்."

"நீ வேணும்னா முன்னாடி போக்கா. நான் என் பேருக்கு நிக்கிறேன்."

அந்த அக்கா முனகினாள். ஆனாலும் முன்னால் போகவில்லை. யாரும் போகவில்லை. காரியக்காரர் வானத்தைப் பார்த்தார், பொலியைப் பார்த்தார். "குத்து... குத்துரு..." என்று ஏதோ முயன்றார். "யாரங்கண்ணே குத்தச் சொல்றீங்க?" என்று ஒரு குரல் வந்தது. களமே சிரித்தது. முதல் தூறல் விழுந்தது.

ஆள் குடை பிடிக்க, மிராசுவே வரப்பிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். இவளைப் போகச் சொல்லிவிட்டு வெளியூர் ஆளைக் கூப்பிடலாம்தான். ஆனால் வரிசை அசையாமல் நின்றது, சத்திரம் தூரத்தில் இருந்தது, நெல் நனையப் பார்த்தது. அவர் ஒரு தந்திரம் செய்தார். அப்பாவின் பெயரைச் சொல்லி, "அவன் மவளே, வா, வந்து வாங்கிட்டுப் போ" என்றார். பெயரைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று என்று அவருக்கு நினைப்பு.

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது ரெண்டாவது பேருங்க ஐயா. அந்த ஊருல அது பின்னாடிதான் வரும். மொதப் பேரச் சொல்லிட்டு அதச் சொல்லுங்க."

தூறல் வலுத்தது. மிராசு காரியக்காரரைப் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், பொலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குத்ரூன்."

அட்சரம் பிசகவில்லை. நர்சம்மா சொல்வதாக அம்மா சொல்லிக் காட்டுவாளே, நாக்கைப் பல்லில் லேசாகத் தொட்டு, அதே மாதிரி. எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்கு அப்படிச் சொல்ல வராது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுளுக்கு எதுவும் இருந்ததே இல்லை. தங்கச்சி பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாய்க்குள் சரியாகத்தான் வைத்திருந்தார், கொல்லையில் நெல்லைப் பூட்டி வைத்த மாதிரி. அறியாமைதான் என்று நினைத்து இத்தனை காலம் நான் அவருக்குக் கொடுத்திருந்த மரியாதையும் அந்த மழையில் கரைந்து போயிற்று.

தங்கச்சி அவசரப்படவில்லை. போய்க் கூடையை நீட்டி, அளவு சரியா என்று பார்த்து வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வைத்த பெயர்தான். போய் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நெல்லை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கள் வீட்டில் குதிர் கிடையாது. சோற்றுப் பானையைக் கவிழ்த்துத் துடைத்து, அதில் கொட்டி வைத்தாள்.