டாக்டரம்மாவின் கட்டைவிரல்

போன மாதம் என் முட்டியை மாற்றினார்கள். சென்னையில் மகன் சேர்த்துவிட்ட பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெண் கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்றை நீட்டி, "ஆன்ட்டி, விரலாலயே சைன் பண்ணுங்க" என்றாள். கோழி கிளறியது போல ஒன்பது இடத்தில் கிறுக்கினேன். முடிந்ததும் என் விரல் தானாகப் போய்த் தலைமுடியில் தேய்த்துக்கொண்டது. துடைக்க மையே இல்லை. எனக்குப் பேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

அது கள்ளக்குறிச்சிப் பழக்கம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நான் புது நர்ஸாகச் சேர்ந்தபோது என் மேசைக்கு ராஜாவே ஸ்டாம்ப் பேடுதான். காய்ந்துபோனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உயிர் கொடுப்பேன். அந்த மை வாசனையும் பினாயில் வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் இருபத்திரண்டு வயது. ரேகை வைத்தவர்கள் மையைத் தலையில் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் சுவரில். சுவரில் தேய்த்தவர்களிடம் நான் போட்ட சத்தத்துக்கு, உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வேலைக்குப் போயிருக்கலாம்.

கல்வராயன் மலைக்குப் பாதி வழிதான் ரோடு இருந்த காலம். ஒரு மத்தியானம் சடையன் என்ற மலைக்காரர் தன் மனைவி அலமேலுவை டோலி கட்டி அடிவாரம் வரை தூக்கிவந்து, அங்கிருந்து கரும்பு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு நாள் வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்தால்தான் தாயாவது பிழைப்பாள். நான் சம்மதப் படிவத்தையும் பேடையும் நீட்டினேன். சடையன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரேகை வெக்க மாட்டேன். எங்கப்பன் இப்பிடித்தான் ஒரு கடுதாசில வெச்சாரு. காடே போச்சு."

"யோவ், பொண்டாட்டி சாவக் கெடக்கறா, காட்டப் பத்திப் பேசிக்கினு இருக்கியே!" என்று கத்தினேன். கத்தினால் வேலை நடக்கும் என்று நம்பிய வயது. அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். மணலூர்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், அதிர்ந்து பேசமாட்டார். "இன்னாப்பா பயம்?" என்றார்.

"நாளைக்கு ஏதாச்சும் ஆனா, நீதான ரேகை வெச்சன்னு எங்கையக் காட்டுவீங்க. நீ இன்னா வெப்ப?"

"நான் கையெழுத்துப் போடறேன்."

"அது எனக்கு இன்னா தெரியும்? வெரல வை."

எனக்கு மானமே போய்விட்டது. அவ்வளவு படித்தவர் கைநாட்டு வைப்பதா? டாக்டரம்மா என் கையிலிருந்த பேடை வாங்கினார். கட்டைவிரலைப் பேடில் அழுத்தி, படிவத்தின் அடியில் வைத்தார். சடையன் குனிந்து அதையே பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்திலேயே தன் ரேகையை வைத்து, மையைத் தலையில் தேய்த்தார். டாக்டரம்மாவும் தலையில் தேய்த்துக்கொண்டே தியேட்டருக்கு ஓடினார்.

அலமேலு பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

இதைச் சொல்ல டாக்டரம்மா என்னை அனுப்பவில்லை. அவரே வெளியே வந்து, தரையில் உட்கார்ந்திருந்த சடையன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். "வூட்டுக்காரி நல்லா இருக்காப்பா. கொழந்தையத்தான் என்னால காப்பாத்த முடியல" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். இன்று அடி நிச்சயம் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வீரமங்கை!

சடையனும் அழுதார். பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத நீலம் கட்டைவிரலில் இருந்தது.

"அழுவாத. ரெண்டு பேருந்தான வெச்சோம்" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அலமேலு மறுபடி உண்டாகி, மாதத்தைச் சரியாகக் கணக்கு வைத்து, வலி எடுக்கும் முன்பே வந்து சேர்ந்தாள். சடையன் என்னிடம் வந்து தானாகவே, "பேடு எங்க? எங்க டாக்டரம்மாவக் கூப்புடு" என்றார். அந்தப் பெண்குழந்தை போட்ட சத்தம் என் சத்தத்தையே தோற்கடித்தது. அதன் பிறகு மலையிலிருந்து யார் வந்தாலும் படிவத்தில் இரண்டு ரேகை. சாட்சி என்ற இடத்தில் மூன்றாவதாக என்னுடையதும் சேர்ந்துகொண்டது. எனக்கும் தலையில் தேய்க்கும் பழக்கம் வந்தது அப்படித்தான்.

இன்றைய டாக்டர்கள் கெட்டிக்காரர்கள்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கென்றால் அந்த முதல் பிள்ளையும் பிழைத்திருக்கும். என் முட்டியைச் செய்த டாக்டர் தம்பியிடம், "நீங்க எங்க வெப்பீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "எங்களுது சிஸ்டத்துலயே இருக்கு ஆன்ட்டி" என்று சிரித்தார். நல்ல பிள்ளை.

முட்டி அருமையாக இருக்கிறது. மாடிப்படி ஏறுகிறேன். வலி போய்விட்டது என்று அந்தத் தம்பியிடமே சொல்ல ஆசைப்பட்டேன். மூன்று முறை போய்விட்டேன். மூன்று முறையும் வேறு வேறு டாக்டர் வந்து பார்த்தார். அந்தத் தம்பியை நான் அப்புறம் பார்க்கவேயில்லை.