மைக்கில் வந்த அம்மாவின் குரல்

மைக்கில் வருகிற குரலை நான் இன்றைக்கும் லேசில் நம்பமாட்டேன். போன மாதம் எங்கள் கலஹா தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, நெஞ்சு அதிரக் கச்சேரி வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாடுகிறவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துதான் தட்டுத்தடுமாறி வரும், காது அப்படியில்லை.

இந்தச் சந்தேகம் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. மாரியம்மன் திருவிழாவில் கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுப்பது எங்கள் அம்மாதான். மைக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கோயில் வாசலில் அம்மா முதல் அடியைப் பாடினால், கீழ் லயத்து வீடுகளில் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவர்களுக்குக் கேட்கும். பாட்டு முடிந்ததும் கோயில் தலைவர் முதல் வெற்றிலைத் தட்டை அம்மா கையில்தான் கொடுப்பார். அதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் மைக் செட் வேண்டும் என்று அம்மாவே பிடிவாதம் பிடித்தாள். பிலிமத்தலாவையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து, ஒலிபெருக்கிக் குழாயைப் பலாமரத்தில் கட்டினார். அம்மா மைக் முன்னால் நின்றாள். அவள் தங்கை, என் சின்னம்மா, தோளோடு தோள் ஒட்டி நின்றாள். எதற்கு அப்படி ஒட்டவேண்டும்? ஒரு வாரமாகவே இருவரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காக அம்மா தொண்டையைக் காக்கிறாள் என்று சின்னம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். சின்னம்மாவுக்கு அந்தத் தட்டின்மேல் கண் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பாட்டு தொடங்கியது. அம்மாவின் வாய் அசைந்தது. மரத்திலிருந்து வந்ததோ மெலிந்த குரல்.

“என்னாடி, அக்கா கொரலு இப்புடி இருக்கு?” என்றாள் கும்மியடித்த ஒருத்தி.

“மைக்குல அப்புடித்தான். அந்தக் கொழாயில பூந்தா சிங்கமும் பூனையாதான் வரும்,” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

எனக்குப் பூனையாகக் கேட்கவில்லை. சின்னம்மாவாகக் கேட்டது. மைக் செட்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டு அம்மாவின் குரலை அமுக்கிவிட்டாள்! காலையில் அவருக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்ததை நானே பார்த்திருந்தேன். மைக் நின்றால் யார் குரல் பெரியது என்று ஊருக்கே தெரிந்துபோகும். மைக் செட்டின் பேட்டரிக்குப் பின்னால் ஊர்ந்துபோய் வயரைப் பிடித்து இழுத்தேன்.

குழாய் ஊமையானது. சின்னம்மாவின் குரல் மட்டும், நாலு பேருக்குக் கேட்கிற அளவில், ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. கும்மியடித்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

“யக்கா, நீ பாடலியா?” என்றாள் கும்மியடித்தவர்களில் ஒருத்தி.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். சின்னம்மா கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியே பாட, பெண்கள் மெல்லச் சேர்ந்துகொண்டு பாட்டை முடித்துவைத்தார்கள். தலைவர் தட்டோடு யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றார்.

“அக்காகிட்ட குடுங்கண்ணே,” என்றாள் சின்னம்மா.

அம்மா அதை வாங்கி, சின்னம்மா கையிலேயே வைத்தாள். பிறகு என்னிடம் வந்து, “ஏன் புள்ள?” என்றாள். காற்றுதான் வந்தது.

“சின்னம்மா ஒன் பாட்டப் புடுங்கிட்டாம்மா, அதான்.”

அம்மா அடிக்கவில்லை. தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

தொண்டையில் கட்டி என்று கண்டியில் டாக்டர் சொல்லியிருந்ததும், ஊருக்குத் தெரியாமல் இந்த ஒரு திருவிழாவை ஒப்பேற்றித் தரும்படி அம்மாதான் தங்கையைக் கெஞ்சியிருந்ததும் எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அதுவரை சின்னம்மாவோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு மைக் வைக்கவில்லை. சின்னம்மா எடுத்துக் கொடுத்தாள். அம்மா வரிசையில் நின்று, வாயை இறுக மூடிக்கொண்டு கும்மியடித்தாள். அதைச் சின்னம்மாமேல் உள்ள கோபம் என்று நினைத்து, நானும் பக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.