சாக்கடைக்கு முதுகு காட்டிய தெருவிளக்கு

இன்னைக்குக் காலையில எங்க வேலம்பாளையம் சந்துக்கு ஒருவழியா தெருவிளக்கு வந்துச்சுங்க. புதுசு இல்லை. மெயின் ரோட்டை அகலப்படுத்தினப்போ கழட்டிப் போட்ட பழைய இரும்பு விளக்குக் கைகளுக்குப் பெயின்ட் அடிச்சு, எங்க கரண்ட் கம்பங்கள்ல மாட்டுறாங்க.

சரி, வெளிச்சம் வந்தாப் போதும்னு நின்னு பாத்தேன்.

எங்க வாசல் கம்பத்துக்கு வலப்பக்கம் மூடியில்லாத சாக்கடை. போன மாசம் வேலை முடிஞ்சு இருட்டுல வந்த பக்கத்து வீட்டுச் செல்வி அதுல விழுந்து மணிக்கட்டை ஒடைச்சுக்கிட்டா. இவங்க விளக்கைத் திருப்பினதோ இடப்பக்கம், ஒரு பனியன் கம்பெனி முதலாளியோட கேட்டுக்கு.

"ஏனுங்க, சாக்கடை இந்தப் பக்கமுங்க"ன்னேன் சூப்பர்வைசர்கிட்ட.

"ஆர்டர்ல கம்பம்தானுங்க இருக்குது, சாக்கடை இல்லீங்க"ன்னார். மனுசன் சிரிக்கக்கூட இல்லை.

கட்டுப் போட்ட கையோட செல்வி வெளிய வந்தா. அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். "அப்ப ஆர்டர்ல அந்த மொதலாளி கேட்டு மட்டும் இருக்கா அண்ணாச்சி?"ன்னு கேட்டா.

அண்ணாச்சி அடிக்காத போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டார்.

ஏணி மேல இருந்த பீகார்க்காரர் போல்ட்டைத் தளர்த்தி, விளக்கைச் சாக்கடைப் பக்கம் திருப்பி முறுக்கிட்டு இறங்கினார். "நானும் இந்த வழிதான் போறது அக்கா"ன்னார் செல்விகிட்ட.

சாயங்காலமே முதலாளி ஆள் அனுப்பிட்டார், அவர் வாசல் இருட்டா இருக்குதாம். நாலு ஃபோகஸ் லைட் எரியற வாசலுங்க அது!

உங்க வீதி விளக்கு யாரு வாசலைப் பாத்து நிக்குதுங்க?