இரண்டு சாண் கவுன்

குழந்தை சுந்தரிக்கு மொட்டை அடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியை அவளைப் பெற்ற அக்கா வேண்டாவிடம் சொல்வதா வேண்டாமா என்று காசிநாதன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக யோசித்துக்கொண்டிருந்தான். நான்காம் ஞாயிறு அவளே கேட்டுவிட்டாள்.

"சித்திரை கடைசியில புள்ளைக்கு மொட்டையாமே? திருக்கழுக்குன்றத்துலயாமே?"

"யாரு சொன்னது ஒனக்கு?"

"மாத்திரை வாங்க வந்த நம்மூரு ஆளு சொல்லிட்டுப் போச்சி. நீ சொல்லுவன்னு பாத்துகினுதான் இருந்தேன்."

செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த அந்தத் தொழுநோய் மருத்துவமனையில், பார்க்க வருகிறவர்களுக்காக வேப்பமரங்களின் கீழே சிமென்ட் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நோயாளி ஒரு பெஞ்சில், வந்தவர் எதிர் பெஞ்சில். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். வேண்டா வந்து சேர்ந்த பதினான்கு மாதங்களில் காசிநாதனும் அந்த எதிர் பெஞ்சைத் தாண்டியதில்லை.

"நீதான தாய்மாமன்? ஒன் மடியில ஒக்கார வெச்சிதான அடிப்பாங்க. புதுத்துணி நீதான எடுத்துக்கினு போவணும்," என்றாள் வேண்டா. "அத நான் தெச்சித் தர்றேன். மெல்லிசா, கையில்லாத கவுனு. போன வெயிலுக்கே அதுக்கு முதுகெல்லாம் வேர்க்குருன்னு நீதான சொன்ன. நைலான் கவுனப் போட்டு வதைப்பாங்க."

"தெரிஞ்சா ஒன் மாமியாரு போட வுடாது அக்கா."

"தெரிஞ்சாத்தான? டைலரு தெச்சதுன்னு சொல்லு. அன்னிக்கி ஒரு நாளு, நான் தெச்சத அது போட்டுக்கினா போதும். அப்புறம் அவுத்துப் போட்டாக்கூட போவட்டும்."

காசிநாதனால் மறுக்க முடியவில்லை. இந்த அக்காவிடம் அவன் பட்ட கடன் பெயரிலேயே தொடங்கியிருந்தது. அப்பா முனிசாமிக்கு முதல் இரண்டும் பெண். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியட்டும் என வேண்டா என்று பெயர் வைத்தார்கள். அடுத்துப் பிறந்தவன் காசிநாதன். சாமி கேட்டுவிட்டதாக ஊரே சொன்னது. அவன் பள்ளிக்கூடம் போனபோது அவள் நாற்று நட்டாள். அவன் செங்கல்பட்டில் கல்லூரி சேர்ந்தபோது, புத்தகம் வைத்துக்கொள்ள அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் பிரித்துத் தோள்பை தைத்துக் கொடுத்தாள். அவன் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்து முடித்த வருடம் அவள் இங்கே வந்து சேர்ந்தாள். சுந்தரி வயிற்றில் இருக்கும்போதே முழங்கையில் வெளிறிய தேமல் ஒன்று இருந்ததாம். யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் நேரத்தில், கொதிக்கும் சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் உரிந்ததுகூடத் தெரியாமல் அடுத்த வேலைக்குப் போனாள். அதை மாமியார் ராஜம் பார்த்தாள். மறுநாள் வேண்டாவின் பாயும் புடவைகளும் கொல்லையில் எரிந்தன.

நோயைப் பற்றிக் காசிநாதனுக்குத் தெரியும். அந்தக் கிருமியின் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறான். ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டவள், பயப்பட ஒன்றுமில்லை, துவைத்த துணியால் யாருக்கும் எதுவும் வராது என்று டாக்டர் அவனிடமே சொல்லியிருந்தார். அவன் நம்பினான். அப்படியானால் எதிர் பெஞ்சு எதற்கு என்ற கேள்வி பஸ் ஏறும்வரை அவனோடு வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மறந்துபோகும்.

அளவு எடுக்க அவன் புதுப்பட்டினம் போனான். கல்பாக்கத்தில் கட்டட வேலை நடந்த காலம் அது. வேண்டாவின் கணவன் ரவிச்சந்திரன் அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டிங் வேலை பார்த்தான். அவன் வேலைக்குப் போயிருந்தான். ராஜம் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தாய்மாமன் துணி எடுக்கணும் அத்த. ஒரு பழைய கவுனு குடு, அளவுக்கு."

"புள்ள துணி வூட்ட வுட்டுப் போவக்கூடாது."

"அப்ப டேப்பு இருந்தா குடு, அளந்துக்கறேன்."

"மொட்ட அடிக்காத புள்ளய டேப்பு வெச்சிக் கயிறு வெச்சி அளப்பியா? பி.ஏ. படிச்சவனாம்."

"பி.எஸ்ஸி. அத்த."

"ஏதோ ஒண்ணு. வேலதான் கெடைக்கல."

கடைசியில் ஓடிக்கொண்டிருந்த சுந்தரியைப் பிடித்து நிறுத்தி, அவள் கூச்சத்தில் நெளிந்து சிரிக்கச் சிரிக்கக் கையாலேயே அளந்தான். தோளிலிருந்து முழங்கால்வரை இரண்டு சாண். மார்புக்குக் குறுக்கே ஒரு சாண், நாலு விரல்.

கிஃபாயத்துல்லா பாயின் கடையில் வெள்ளைச் சீட்டித் துணி ஒரு மீட்டர் எடுத்தான். சின்னச் சின்ன மஞ்சள் பூ. மூன்று பட்டன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வேண்டாவின் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து தன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ரெண்டு சாணா?" அவள் வியந்து போனாள். "அவ்ளோ ஒசரம் வந்துட்டாளா? நான் வரும்போது ஒண்ணர சாணு, கொஞ்சம் மேல. அவ்ளோதான்."

"ஓடறா அக்கா. பிடிக்க முடியல."

"ஓடறாளா?"

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் சாணும் அவள் சாணும் ஒன்று என்பது இருவருக்கும் தெரியும். அவன் பி.யு.சி. படித்தபோது ஒருநாள் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பார்த்து, விரல் நுனிகூட மாறவில்லை என்று சிரித்திருக்கிறார்கள். அதனால் அளவைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

தைப்பது எளிய வேலைதான். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து ஓட்டி, கழுத்தையும் கைக்குழியையும் மடித்து அடித்து, பின்னால் பட்டன் வைத்தால் முடிந்தது. வேண்டாவுக்கு அதற்கு மூன்று வாரம் ஆனது. ஊசி குத்தினால் அவள் விரலுக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரி ரெபேக்காள் ஒவ்வொரு சாண் தையலுக்கும் அவள் கையை வாங்கிப் புரட்டிப் பார்ப்பாளாம்.

"ஒங்கக்கா தெக்கறா, நான் ரத்தம் கீதான்னு பாக்கறேன்," என்றாள் ரெபேக்காள் காசிநாதனிடம். "டாக்டரு ரவுண்டு வர்றதவிட நான் அதிகமா வர்றேன். எனக்கு ஒரு வெள்ளக் கோட்டு தெச்சித் தரச் சொல்லியிருக்கேன்."

வேண்டா சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

முடிந்த கவுனை அவளே கொதிக்கும் நீரில் போட்டு அலசி, வெயிலில் உலர்த்தி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்த்தபோது காசிநாதனுக்குச் சின்னதாக இருப்பதுபோலத் தோன்றியது. குழந்தைத் துணி கையில் பிடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி சுற்றினான். மடியில் விரித்து ஒருமுறை சாண் போட்டிருக்கலாம். துணியை அவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொள்ள அவனுக்கே விருப்பமில்லையோ என்ற சந்தேகம் அவனுக்குப் பிறகு வந்தது. வந்தபின் போகவில்லை.

சங்குதீர்த்தக் குளக்கரையில் மொட்டை அடித்தார்கள். ரவிச்சந்திரன் வீட்டு ஆட்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். வேண்டாவின் பக்கத்திலிருந்து காசிநாதன் மட்டும். முனிசாமி வரவில்லை. சுந்தரி அவன் மடியில் அலறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுந்து விழுந்த முடி அவன் வேட்டியெல்லாம் ஒட்டியது. முடிந்ததும் குளத்து நீரில் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசினார்கள்.

"தாய்மாமன் துணிய எடுப்பா," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவன் பேப்பரைப் பிரித்தான். ராஜம் கவுனை வாங்கிப் பிள்ளையின் தலைவழியே மாட்டினாள். சந்தனத் தலை உள்ளே போயிற்று. தோள் போகவில்லை. ஒரு கையை நுழைத்தால் மற்றொரு கை வெளியே நின்றது. எப்படியோ இழுத்து இரண்டு கையையும் நுழைத்தபோது, கவுன் மார்பிலேயே இறுகி, தொப்புளுக்குக் கீழே கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. பின்பக்கம் ஒரு கையகலம் திறந்து கிடந்தது. சுந்தரி மூச்சுத் திணறி வீறிட்டாள்.

"இன்னாப்பா இது, தாய்மாமன் துணியா, தலகாணி உறையா?" என்று யாரோ கேட்க, கரையே சிரித்தது.

"பொம்மைக்குத் தெச்சிக்கினு வந்துட்டாம்பா! படிச்ச புள்ள, அளவுலாம் கரீக்டா எடுத்துக்கினு போனான்," என்று ராஜமும் சிரித்துக்கொண்டேதான் கவுனைக் கழற்றினாள். கழற்றும்போது உள்பக்கம் வெளியே திரும்பியது. அவள் சிரிப்பு நின்றது. தையலோரமாக விரலை ஓட்டினாள். மெஷின் தையல் இல்லை. கையால் போட்ட பொடித் தையல், நேராகப் போய், ஓரிடத்தில் தடுமாறி, மறுபடி நேராகப் போயிருந்தது.

"யாரு தெச்சது இது?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். காசிநாதனுக்கு மட்டும் கேட்கும்படி. அந்த நேரத்தில் அவன் எத்தனையோ சொல்லியிருக்கலாம். பெற்றவள் தைத்தது, துவைத்த துணி, அதில் ஒன்றுமில்லை, டாக்டர் சொன்னார், நானும் படித்திருக்கிறேன். எல்லாம் வரிசையாக நாக்குவரை வந்தன.

"டைலருதான் அத்த. செங்கல்பட்டுல... கையால தெக்கற டைலரு."

ராஜம் அவன் முகத்தைப் பார்த்தாள். கவுனைப் படியில் போட்டாள். குளத்தில் இறங்கித் தன் கையை முழங்கைவரை கழுவினாள். பிறகு பிள்ளையைத் தூக்கிவந்து, பூசிய சந்தனமெல்லாம் கரையும்படி இன்னொரு தரம் முழுக்காட்டினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, முடி ஒட்டிக்கினு அரிக்குது என்று சொன்னாள். கொண்டு வந்திருந்த ரோஸ் நிற நைலான் கவுனை எடுத்துப் போட்டுவிட்டாள்.

ரவிச்சந்திரன் கிட்டே வந்தான். "அத எடுத்துக்கினு போயிடு மச்சான்," என்றான். கோபமில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது. "இங்க கெடந்தா அம்மா கொளுத்திடும்."

மலைமேல் கழுகு வந்துவிட்டதென்று கூட்டம் அண்ணாந்து பார்த்த நேரத்தில் காசிநாதன் கவுனை எடுத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தான்.

அடுத்த ஞாயிறு போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தான். போனான். வேண்டா வேப்பமரத்தடியில் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். ரெபேக்காளும் கூட இருந்தாள்.

"போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அழுதாளா?"

"மொட்ட அடிக்கும்போது அழுதா. கவுனு போட்டதும் நிறுத்திட்டா."

"சரியா இருந்துச்சா? எறக்கம்?"

"முட்டிவரைக்கும். அளவெடுத்த மாதிரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் நன்றாக நிற்கிறதே என்ற தெம்பில் இன்னொன்றையும் சேர்த்தான்.

"பின்னாடி மூணு பட்டனும் நாந்தான் போட்டுவுட்டேன்."

"ரெண்டு பட்டன்தானப்பா வெச்சா?" என்றாள் ரெபேக்காள் வெள்ளந்தியாக. "ஒண்ணு கட்டிலுக்கடியில ஓடிப்போச்சி. தேடித்தேடிப் பேஜாராப் பூட்டுது."

ரெபேக்காள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள்.

"போடல," என்றாள் வேண்டா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போட்டுப் பாத்தாங்க அக்கா. சின்னதாப் பூட்டுது. தோளே நொழையல."

"எப்பிடி? ரெண்டு சாணு வெச்சேனே. ஒண்ணுக்கு நாலு தரம் வெச்சிப் பாத்துதான் வெட்டினேன்." தன் வலது கையை மடியில் விரித்து வைத்துப் புடவைமேல் சாண் போட்டாள். கட்டைவிரல் ஒரு பக்கம் போனது. சுண்டுவிரல் மறுபக்கம் போகவில்லை. அதுவும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கம் வளைந்து அங்கேயே நின்றன. இடது கையால் அவற்றை நிமிர்த்திப் பார்த்தாள். விட்டதும் மறுபடி மடங்கின.

வளைந்தது அவளுக்குத் தெரியாததல்ல. சோறு அள்ளும்போதும் டம்ளர் பிடிக்கும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சாண் என்றால் ஊரில் இருந்தபோது போட்ட சாண்தான் அவள் மனதில். காசிநாதனும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கையைப் பார்த்தவன்தான். அளவைச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தவன்.

"எவ்ளோ கொறஞ்சிருக்கும்?" என்றாள்.

"தெரியல அக்கா."

"தெரிஞ்சிக்கினாத்தான இனிமே..." என்று தொடங்கி, அதை முடிக்காமல், கையை நீட்டினாள். "ஒன் கைய வை. அன்னிக்கி வெச்சோமே, அந்த மாதிரி."

காசிநாதன் எழுந்தான். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நான்கு அடிகூட இருக்காது. அதைக் கடந்து அவள் பெஞ்சருகில் போய் நின்றான். டாக்டர் சொன்னது, புத்தகத்தில் படித்தது, எல்லாம் அவனுக்கு அப்போதும் ஞாபகம் இருந்தது. உட்கார்ந்தான். கையை விரித்தான். அவள் கைக்கு நேராக அல்லாமல், பெஞ்சின் சிமென்ட்மேல், ஒரு முழம் தள்ளி வைத்தான். இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று நினைத்தான். கை நகரவில்லை.

வேண்டா நீட்டிய கையைத் தாழ்த்தித் தன் பக்கத்துச் சிமென்ட்மேல் வைத்தாள். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"போதுண்டா," என்றாள். "அங்கேயே வெச்சிக்கோ. இங்கேர்ந்தே தெரியுது."